வெளிவராத ஒன்றின் படம்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்) மாணவன்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பாட்டிமார் வாக்கு. காதால் கேட்பதில் நாம் ஓரளவு எச்சரிக்கையாகத்தான் இருக்கிறோம். ஊர்வம்பு ஒன்று காதில் விழுந்தால், “யார் சொன்னது?” என்று ஒரு கேள்வியாவது கேட்கிறோம். ஆனால் கைப்பேசியில் ஒரு படம் வந்துவிட்டால் அந்தக் கேள்வி நம் நாவில் எழுவதில்லை. படமே சாட்சி என்று எண்ணிவிடுகிறோம்.

அந்தச் சாட்சி எப்படிச் செய்யப்படுகிறது, ஏன் நம்பப்படுகிறது, எங்கே பிடிபடுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. அத்தகைய பொய்ப்படம் ஒன்றை நானே செய்தவன். அது பெருமைப்படத்தக்க தகுதியன்று என்பதை நண்பர்கள் படித்து முடிக்கையில் உணர்வார்கள்.

திரைநகல் என்பது யாது?

கணினியிலோ கைப்பேசியிலோ மற்ற எல்லா வேலைகளுக்கும் அடித்தளமாக இருந்து நடத்தும் மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், ஆண்ட்ராய்டு என்பன நாம் அறிந்தவை. ஒரு கணத்தில் திரையில் தெரிவதை அப்படியே படமாகப் பிடித்து வைப்பது திரைநகல். ஸ்கிரீன்ஷாட் என்றால் எல்லோருக்கும் புரியும்.

வெளிவந்துவிட்ட இயங்குதளத்துக்குப் போலித் திரைநகல் செய்தால் பயனில்லை. பார்ப்பவன் தன் கையில் இருக்கும் அசலோடு ஒப்பிட்டு விடுவான். இன்னும் வெளிவராத இயங்குதளம் என்றால் ஒப்பிட அசலே இல்லை. எனவே உலகெங்கும் கணினி ஆர்வலர்கள் வரப்போகும் விண்டோஸ் இப்படித்தான் இருக்கும் என்று படங்கள் செய்து உலவவிடுவது நெடுநாளைய பொழுதுபோக்கு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வெளிவராத பொருளின் மெய்யான படம்கூட நாளை பொய்யாகிவிடலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸை 1983 நவம்பரில் அறிவித்தது. கடைக்கு வந்தது 1985 நவம்பரில். முதலில் காட்டிய மாதிரியில் கட்டளைப் பட்டியல் சாளரத்தின் அடிப்பக்கத்தில் இருந்தது. விற்பனைக்கு வந்தபோது அது மேலே போயிருந்தது. முதலில் காட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் அந்தப் படத்தை நம்பி ஒருவர் பாடப்புத்தகம் எழுதியிருந்தால் அது தவறாகியிருக்கும்.

நீதிமன்றத்துக்கும் நம்பமுடியாத படம் வந்ததுண்டு. 1999ஆம் ஆண்டில், அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், மைக்ரோசாஃப்ட் தன் வாதத்துக்குச் சான்றாக ஓர் ஒளிப்படக் காட்சியைத் திரையிட்டது. அதில் தெரிவது ஒரே கணினி என்று சொல்லப்பட்டது. எதிர்த்தரப்பு வழக்குரைஞர் டேவிட் பாய்ஸ், சாளரத்தின் தலைப்புப் பட்டையில் உள்ள எழுத்து இடையில் மாறுவதைச் சுட்டிக் காட்டினார். அந்தக் காட்சியின் நம்பகத்தன்மை அங்கேயே உடைந்தது. ஒரு வரி எழுத்து, அதுவும் யாரும் படிக்காத மூலையில் இருந்த எழுத்து!

நம் நாட்டிலும் 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்குக் கைப்பேசி என்று ஒரு பேரறிவிப்பு வந்தது. செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்ட கருவியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதன் திரையில் இருந்த சின்னங்கள் ஐபோனின் சின்னங்களைப் போலவே இருந்தன. ஆயினும் பதிவு செய்யக் கூட்டம் அலைமோதியது. மக்கள் நம்பியது படத்தை அன்று. அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த விலை.

நான் செய்த படம்

2023 ஜனவரி 19 அன்று பாரோஸ் என்னும் கைப்பேசி இயங்குதளம் பற்றிய அறிவிப்பு வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்க்கப்பட்ட ஜண்ட்காப்ஸ் என்னும் சிறு நிறுவனம் அதனை உருவாக்கியிருந்தது. ஜனவரி 24 அன்று மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் அதனைச் சோதித்துப் பார்த்தார்கள். கும்மிடிப்பூண்டியில் மின்ரயில் ஏறிச் சென்னை சென்று, அங்கிருந்து பேருந்து பிடித்தால் அடைந்துவிடக்கூடிய இடத்தில் இந்தியாவுக்கென ஓர் இயங்குதளம்! அப்போது மேல்நிலை இரண்டாம் ஆண்டில் கணினி அறிவியல் பிரிவில் படித்துக்கொண்டிருந்த எனக்கு ஏற்பட்ட கிளர்ச்சியைச் சொல்லி முடியாது.

அதனை நேரில் பார்க்க வழியில்லை. கடும் இரகசியக் காப்பு வேண்டும் நிறுவனங்களுக்கே அது அப்போது வழங்கப்பட்டது. பார்க்க முடியாததைச் செய்து பார்ப்போம் என்று அந்தச் சனிக்கிழமை இரவு உட்கார்ந்தேன்.

எதையும் புதிதாக வரையவில்லை. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை எடுத்து, முகப்பை மாற்றும் செயலி ஒன்றை ஏற்றினேன். சின்னங்களின் வண்ணத்தை மாற்றினேன். கோபுரம் ஒன்றைப் பின்னணியில் வைத்தேன். சின்னங்களின் கீழ் தமிழ்ப் பெயர்களை எழுதினேன். பிறகு திரைநகல் எடுத்து, நிறுவனப் பெயரைப் படம் திருத்தும் மென்பொருளில் ஒட்டினேன். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உண்மையான கைப்பேசியின் உண்மையான திரை. பத்துப் பங்குதான் பொய். நன்றாகச் செய்யப்பட்ட போலிகளின் கணக்கு பெரும்பாலும் இதுவே.

மின்கலம் நூறு என்று காட்டினால் சந்தேகம் வரும் என்று 43 ஆக விட்டேன். மணியையும் ஒழுங்கற்றதாக விட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது படத்தின் கூர்மை குறைந்து, ஒட்டுப்போட்ட தையல்களும் மறைந்தன. அனுப்புந்தோறும் போலிக்கு வயதாகிறது. வயதாக வயதாக அது அசல்போல் தோன்றுகிறது.

இதுவரை குற்றமில்லை. விளம்பர நிறுவனங்களும் வடிவமைப்பாளர்களும் நாள்தோறும் இப்படித்தான் மாதிரிப் படங்கள் செய்கிறார்கள். நானும் வலது மூலையில் ‘கற்பனை மாதிரி’ என்று சிறியதாக எழுதியிருந்தேன். நண்பன் ஒருவன் பார்த்துவிட்டு, “அது மட்டும் இல்லேன்னா செமையா இருக்கும்டா” என்றான். அந்த மூலையை வெட்டினேன். ஒரு மாதிரிப் படம் பொய்ப் படமாக மாறிய கணம் அதுவே. மற்ற வேலைக்கெல்லாம் மூன்று மணி நேரம் பிடித்தது. இதற்கு ஒரு நொடி.

படம் திரும்பி வந்தது

எங்கள் வீட்டு வரிசையில், இரண்டு வீடு தள்ளி ஓர் அண்ணன் இருந்தார். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு மாலை என்னைக் கூப்பிட்டுத் தம் கைப்பேசியைக் காட்டினார்.

“தம்பி, நீ கம்ப்யூட்டர் குரூப்புதானே? இது நெசமா பாரு.”

என் படம்! அதே கோபுரம், அதே 43. அதன்கீழே யாரோ ஒரு சுட்டியைச் சேர்த்து, ‘தமிழில் இந்தியாவின் சொந்த சாஃப்ட்வேர், இலவசமாக ஏற்றிக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தார்கள்.

சுட்டி என்னுடையதன்று. அதை யார் சேர்த்தார் என்று இன்றளவும் எனக்குத் தெரியாது. ஆனால் படம் என்னுடையது. பெரியவர் ஒருவரே நம்பும்படி செய்துவிட்டோமே என்று எனக்குள் ஓர் இறுமாப்பு. “இருக்கும்ணா” என்றேன்.

ஓர் இயங்குதளத்தைச் சாதாரணச் செயலிபோல் சுட்டியைத் தட்டி ஏற்றிவிட முடியாது. அந்தச் சுட்டியில் இருந்தது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் ஒரு செயலி. அனுமதி கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணை அது படித்து மற்றவனுக்கு அனுப்பிவிடும். மூன்றாம் நாள் இரவு, சம்பளம் ஏறிய கணக்கிலிருந்து 9,600 ரூபாய் போயிற்று. காலையில்தான் அவர் பார்த்தார். 1930 என்ற உதவி எண்ணுக்கு நான்தான் அழைத்துக் கொடுத்தேன். பணம் போன உடனே அழைத்தால் அதை இடையில் நிறுத்த வாய்ப்பு அதிகம். அதற்குள் ஓர் இரவே கழிந்துவிட்டது. மனு கொடுக்கத் திருவள்ளூர் வரை போய்வந்ததில் ஒரு நாள் கூலியும் போயிற்று.

படம் என்னுடையது என்று அன்று நான் சொல்லவில்லை. தேர்வுகள் முடிந்த பிறகு சொன்னேன். அவர் திட்டவில்லை. “நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

கம்பியும் முத்திரையும்

என் தந்தையார் சிப்காட்டில் ஓர் உருட்டாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். நடந்ததை அவரிடம் சொன்னபோது அவர் கம்பியைப் பற்றிப் பேசினார்.

கட்டடத்துக்குப் போடும் டி.எம்.டி. கம்பியில் நிறுவனத்தின் பெயர் மேடாகத் தெரியும். உருளையில் எழுத்தைக் குழியாக வெட்டிவிட்டால், ஓடுகிற கம்பியில் அது புடைத்து விழும். எந்தப் பெயரை வெட்டினாலும் விழும்! ஆகவே முத்திரையைப் பார்த்துக் கம்பியை ஏற்றுக்கொள்வதில்லை. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்கவேண்டும். ஐ.எஸ். 1786 என்னும் இந்தியத் தரநிலை இந்த அளவுக்கு நூற்றுக்கு ஐந்து வரை ஏற்றக்குறைவை அனுமதிக்கிறது. துண்டு வெட்டித் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். “முத்திரை கம்பியைப் பத்திச் சொல்லாதுப்பா. உருளையைப் பத்தித்தான் சொல்லும்” என்றார்.

திரைநகலுக்கும் தராசு உண்டு. என் படத்தையே அதில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, எழுத்து. கைப்பேசியின் முகப்புத் திரையில் பெரும்பாலும் ஒரே எழுத்துருவில்தான் தமிழ் தெரியும். என் படத்தில் தேதி ஒரு தடிமனிலும் நான் ஒட்டிய பெயர் வேறு தடிமனிலும் இருந்தன. பழைய படத்திருத்த மென்பொருள்களில் ஒருங்குறித் தமிழை இட்டால் இன்னும் மோசம். கெ, கொ போன்ற எழுத்துகளில் முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். கணினி வல்லுநர் தேவையில்லை. இரண்டாம் வகுப்புக் குழந்தை கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது, ஓரங்கள். 1999 வழக்கைப்போல் பொய் பெரும்பாலும் நடுவில் அகப்படுவதில்லை. மணி, தேதி, மின்கலம், அலைவரிசைக் கோடு ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும். என் படத்தில் தேதி சனிக்கிழமை என்று இருந்தது. அதைக் காட்டி, ‘அமைச்சர்கள் சோதித்த திரை’ என்று வேறு யாரோ எழுதி அனுப்பினார்கள். அமைச்சர்கள் சோதித்தது செவ்வாய்க்கிழமை!

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. படத்தை அறிவிப்போடு வைத்துப் பார்த்தல். பாரோஸின் சிறப்பாக அதனை உருவாக்கியவர்கள் முதல் நாளே சொன்னது என்ன? முன்கூட்டியே ஏற்றப்பட்ட செயலிகள் அதில் இரா என்பதே. வேண்டியதைப் பயன்படுத்துவோரே தேர்ந்து ஏற்றிக்கொள்ளலாம், வேண்டாததைச் சுமக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் கொள்கை. என் படத்தில் வரிசைக்கு நான்காக ஐந்து வரிசையில் இருபது சின்னங்கள் இருந்தன. செய்தித்தாளில் வந்த ஒரு வரியைப் படித்திருந்தால் என் படம் பொய்யென்று யாரும் சொல்லியிருக்கலாம்.

நானும் அந்த வரியைப் படித்தவன்தான். படித்துவிட்டுத்தான் இருபது சின்னங்களை வைத்தேன். ஏறக்குறைய வெறுமையாக இருக்கும் திரையைக் காட்டினால் யாரும் வியக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மக்கள் எதிர்பார்த்ததோ நிறைந்த திரை. அண்ணனுக்கு வேண்டியிருந்தது தமிழ்ப் பெயர்கள், தமக்குப் புரியும் ஒரு கைப்பேசி. அதை நான் படத்தில் கொடுத்தேன். அந்த விருப்பமே மற்ற பிழைகளையெல்லாம் மறைத்துவிட்டது.

முடிவாக

நம் கல்லூரியில் துறை விழா அழைப்பிதழ் முதல் கண்காட்சிப் பலகை வரை எல்லாம் இப்போது கைப்பேசியிலேயே செய்கிறோம். கையில் கருவி இருக்கிறது, திறமையும் இருக்கிறது. மாதிரிப் படம் செய்யுங்கள், கற்பனையாகச் செய்யுங்கள். வருங்காலக் கருவிகள் பலவும் முதலில் இப்படிக் கற்பனைப் படங்களாக இருந்தவையே. ‘கற்பனை மாதிரி’ என்ற சொல்லை மட்டும் மூலையில் வைக்காதீர்கள். மூலையை ஒரு நொடியில் வெட்டிவிடலாம். படத்தின் நடுவிலேயே, வெட்டினால் படமே கெடும்படி எழுதுங்கள்.

உங்களிடம் படித்த பிள்ளை என்று நம்பி யாரேனும் ஒரு படத்தைக் காட்டி, “இது நெசமா பாரு” என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் வரிசை அண்ணன் இப்போது ஆரம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டார். இன்றும் ஏதாவது படம் வந்தால் எனக்குத்தான் அனுப்பிக் கேட்கிறார். ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன்.