பதற்றம் பெண்ணின் இயல்பா, சூழலின் சுமையா?

புதுதில்லி:
விளையாட்டுப் போட்டிகளுக்கு முன் வீராங்கனைகளிடம் கூடுதலாகக் காணப்படுவதாகச் சொல்லப்படும் பதற்றம் அவர்களின் இயல்பா, அல்லது சூழல் சுமத்தியதா? உளவியலாளர்கள் நெடுங்காலமாக விவாதித்துவரும் இந்தக் கேள்வியை, தில்லி ஜந்தர் மந்தரில் 2023இல் நடைபெற்ற மல்யுத்த வீராங்கனைகளின் போராட்டம் புதிய கோணத்தில் எழுப்பியது.

அமெரிக்க ஆய்வாளர் ரெய்னர் மார்ட்டென்சும் அவரது குழுவினரும் உருவாக்கி, 1990இல் நூலாக வெளியிட்ட வினாத்தாள், போட்டிக்கு முந்தைய மனநிலையை மூன்று கூறுகளாக அளக்கிறது. மனக்கவலை, உடல் படபடப்பு, தன்னம்பிக்கை ஆகியவையே அவை. பல ஆய்வுகளில் பெண்களிடம் கவலை கூடுதலாகவும் தன்னம்பிக்கை குறைவாகவும் பதிவாகியுள்ளன. ஆனால் எல்லா ஆய்வுகளும் இதில் ஒத்துப்போகவில்லை.

அச்சத்தை வெளியே சொல்ல ஆண்கள் தயங்குவதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, வெற்றிக்குப் பின் தன்னை ஆட்கொண்ட மனச்சோர்வைப் பற்றிப் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார்.

ஊக்கமும் அச்சமும்

ஆட்டத்தின் மீதான ஈடுபாட்டால் களமிறங்குவோரைவிட, தண்டனைக்கும் புறக்கணிப்புக்கும் அஞ்சிக் களமிறங்குவோரே கூடுதல் பதற்றத்துக்கு ஆளாகின்றனர். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் ஆகியோரின் ஊக்கக் கோட்பாட்டைப் பின்பற்றிய ஆய்வுகள் பொதுவாக உணர்த்துவது இதுவே.

2021இல் டோக்கியோவில் தோற்றுத் திரும்பிய வினேஷ் போகத்தை, ஒழுங்கீனம் எனக் கூறி இந்திய மல்யுத்த சம்மேளனம் இடைநீக்கம் செய்தது. மனதளவில் உடைந்துபோனதாக அவர் அப்போதே பகிரங்கமாகத் தெரிவித்தார்.

2023 ஜனவரியில் வினேஷ், சாக்சி மாலிக், பஜ்ரங் புனியா உள்ளிட்டோர், சம்மேளனத் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார் கூறிப் போராட்டத்தில் அமர்ந்தனர். அவர் அதை மறுத்தார். வீராங்கனைகளின் புகாரில் 2024 மே மாதம் தில்லி நீதிமன்றம் அவர் மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. சிறுமி ஒருவர் தொடர்பான தனி வழக்கு 2025 மே மாதம் முடித்துவைக்கப்பட்டது.

அணித் தேர்வும் பயிற்சி முகாமும் யார் கையில் உள்ளனவோ, அவர்கள் மீதே புகார் என்றால் யாரிடம் முறையிடுவது? சட்டப்படி இருக்க வேண்டிய உள்புகார் குழு சம்மேளனத்தில் முறையாக அமைக்கப்படவில்லை என்ற மேற்பார்வைக் குழுவின் முடிவு 2023 ஏப்ரலில் வெளியானது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் நிறைவேறி அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

களம் சொன்ன பதில்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், டோக்கியோவில் தங்கம் வென்றிருந்த ஜப்பானின் யுய் சுசாகியை வினேஷ் வீழ்த்தினார். மறுநாள், 100 கிராம் கூடுதல் எடை காரணமாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பதக்கம் கைநழுவியது. ஆனால், பெண்களுக்கு மனவலிமை குறைவு என்ற வாதத்தை அவரது வெற்றிகள் தகர்த்தன.

2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களின் செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இடம்பெற வேண்டும் என்கிறது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், புகார் கூறினால் அணியில் இடம் பறிபோகாது என்ற உறுதி நடைமுறையில் கிடைக்காதவரை, உளவியல் ஆலோசனை மட்டும் வீராங்கனைகளின் பதற்றத்தைத் தணித்துவிடாது.