இருமல் மருந்தும் ஈரலும்

மாணவர்களே, ஈரலின் தொழில்களைக் கேட்டால் "நச்சுப் பொருள்களை அழித்தல்" என்று ஒரு வரி எழுதுவீர்கள். புள்ளி கிடைக்கும். ஆனால் நாம் உட்கொள்ளும் மருந்தெல்லாம் ஈரலில் வலுவிழந்துவிடும் என்று அதிலிருந்து விளங்கிக்கொள்வது பிழை. ஈரலில் மாற்றமடைந்த பின்னர் மூளையில் கூடிய வலுவுடன் தாக்கும் பதார்த்தங்களும் உள்ளன. இருமல் மருந்தான டெக்ஸ்ட்ரோமெதோபன் இதற்கு நல்ல உதாரணம்.

பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். இலத்தீன் மொழியில் 'டெக்ஸ்டர்' என்றால் வலது. முனைவாக்கிய ஒளியை வலப்புறம் திருப்பும் மூலக்கூறு என்பதே முன்னொட்டின் பொருள். 1958 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, வறட்டு இருமலுக்கான பாணிகளிலும் குளிசைகளிலும் சேர்க்கப்படுகிறது. இது தொழிற்படும் இடம் தொண்டையன்று. இருமல் தெறிவினையைக் கட்டுப்படுத்தும் நீள்வளைய மையவிழையமாகும்.

குடலில் அகத்துறிஞ்சப்பட்ட மருந்து குருதி வழியே ஈரலை அடைகிறது. அங்குள்ள ஒரு நொதியம் அதிலிருந்து மீதைல் கூட்டத்தை நீக்குகிறது. 18 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு 17 காபன் அணுக்கள் கொண்டதாகிறது. இந்த அனுசேப விளைபொருளே டெக்ஸ்ட்ரோபன். ஒரு காபன் குறைந்ததால் என்ன நடந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். இனித்தான் விடயமே இருக்கிறது.

மூளையின் நரம்புக்கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்துவதற்குக் குளுட்டமேற்று என்னும் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றன. அது அடுத்த கலத்திலுள்ள வாங்கிகளுடன் இணைகிறது. அவற்றுள் ஒருவகை என்.எம்.டி.ஏ. வாங்கி. இது திறக்கும்போது கல்சியம் அயன்கள் கலத்தினுள் செல்லும். கற்றலுக்கும் ஞாபகத்துக்கும் இது அவசியம். குளுட்டமேற்றைத் திறப்பாகவும் வாங்கியைக் கதவாகவும் கொண்டால், கதவு திறந்த பின்னும் வாசலை மறித்து நிற்பது டெக்ஸ்ட்ரோபன். மூல மருந்தும் மறிக்கும். ஆனால் டெக்ஸ்ட்ரோபன் அளவுக்கு வலுவாக அல்ல. சத்திரசிகிச்சையில் பயன்படும் கெற்றமின் என்னும் மயக்க மருந்தும் இதே வாசலைத்தான் மறிக்கிறது.

உரிய அளவில் அருந்தினால் டெக்ஸ்ட்ரோபனின் பெரும்பகுதி குளுக்குரோனிக் அமிலத்துடன் சேர்ந்து சிறுநீருடன் வெளியேறிவிடும். பரீட்சைக்கு முதல் நாள் இருமல் நிற்கவில்லை என்று போத்தலைக் கவிழ்த்துக் குடித்தால் கதை வேறு. வாந்தி, நடையில் தள்ளாட்டம், இல்லாதவற்றைக் காணுதல், நினைவு தடுமாறுதல் என்பன ஏற்படலாம்.

மேற்கூறிய நொதியம் எல்லோரிலும் ஒரே அளவில் தொழிற்படுவதில்லை. இது பரம்பரையலகைப் பொறுத்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் 100 பேருக்கு ஏறத்தாழ 5 முதல் 10 பேரில் இது தொழிற்படுவதில்லை. அவர்களில் டெக்ஸ்ட்ரோபன் குறைவாகவே உண்டாகும். அதனால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். மாற்றப்படாத மூல மருந்து உடலில் நெடுநேரம் தங்கிவிடும். மனச்சோர்வுக்கு வழங்கப்படும் புளுவொக்செற்றின் போன்ற மருந்துகளும் இந்நொதியத்தைத் தடுக்கின்றன. எனவேதான் வேறு குளிசைகள் எடுப்பவர் அதனை வைத்தியரிடம் கூற வேண்டும்.

பயிற்சி வினா: ஒரே வயதும் நிறையும் உடைய இருவர் ஒரே அளவு இருமல் பாணி அருந்தினர். ஒருவரின் குருதியில் மட்டும் மருந்து நெடுநேரம் காணப்பட்டது. இதற்கு இரண்டு காரணங்கள் தருக.