அலை ஓய்ந்தபின் நீராடலாமா?

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியானதும் பெற்றோர் பலர் ஒரே வினாவுடன் எம்மை நாடி வருவர். "பிள்ளைக்கு லப்டொப் ஒன்று வாங்க வேண்டும். இப்போதே வாங்கலாமா, புதிய மொடல் வரும்வரை பொறுக்கலாமா?" என்பதே அவ்வினா. எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்குத் தவறான விடையளித்த அனுபவம் எமக்கு உண்டு. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

அலை ஓய்ந்தபின் கடலில் நீராடலாம் எனக் கரையில் அமர்ந்திருந்தவனின் கதையை நாம் அறிவோம். கணினி உலகின் அலையோ ஒருநாளும் ஓய்வதில்லை. பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான கோர்டன் மூர், ஒரு சிலிக்கன் சில்லில் அடங்கும் உறுப்புகளின் தொகை ஆண்டுதோறும் இருமடங்காகி வருகிறது என 1965ஆம் ஆண்டில் எழுதினார். 1975இல் அதனை ஈராண்டுக்கு ஒருமுறை எனத் திருத்தினார். அன்று தொட்டு இன்றுவரை, இன்று வாங்கிய கருவி நாளை பழையதாகிவிடும் என்ற அச்சம் வாங்குவோரை விட்டகலவில்லை.

இவ்வச்சம் விற்போரையும் வீழ்த்தியதுண்டு. தாய்லாந்தின் பாங்கொக் நகரில் பிறந்து, இளமையைத் திருவண்ணாமலையிலே கழித்தவர் அடம் ஒஸ்போர்ன் என்னும் ஆங்கிலேயர். இவர் அமெரிக்காவிலே 1981ஆம் ஆண்டில், கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினி ஒன்றை 1,795 டொலர் விலைக்கு வெளியிட்டார். ஏறத்தாழ 11 கிலோ நிறையும், உள்ளங்கையளவே திரையும் கொண்ட அக்கருவியை மக்கள் விரும்பி வாங்கினர். ஆனால் அதனினும் சிறந்த அடுத்த மொடல் வரவிருக்கிறது என்ற செய்தி காலத்துக்கு முன்பே பரவிற்று. வாங்கவிருந்தோர் கைகட்டிக் காத்திருந்தனர். கடைக்காரர் கட்டளைகளை நிறுத்தினர். 1983 செப்டெம்பரில் அந்நிறுவனம் வங்குரோத்தாயிற்று. போட்டியாளரின் எழுச்சியும் நிர்வாகக் குறைகளும் வீழ்ச்சிக்குக் காரணமாயின என்பாரும் உளர். ஆயினும், வரப்போவதைச் சொல்லி இருப்பதைக் கெடுத்துக்கொள்வதற்கு "ஒஸ்போர்ன் விளைவு" என்ற பெயரே வணிக உலகில் நிலைத்துவிட்டது. அவர் 2003ஆம் ஆண்டில் கொடைக்கானலிலே காலமானார்.

காத்திருந்து நட்டமடைவோர் விற்போர் மட்டுமல்லர். 2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், எம்மிடம் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தி தன் தாயாருடன் எமது இல்லத்துக்கு வந்தாள். தாயார் ஈராண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்த ஒன்றரை இலட்சம் ரூபா கையில் இருந்தது. அவர்கள் பார்த்துவைத்த மடிக்கணினியின் விலை 145,000 ரூபா. அவ்வாண்டு ஜனவரியில் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிகளுக்கான தனது பன்னிரண்டாம் தலைமுறைச் செயலிகளை அறிவித்திருந்தது. அதனைப் படித்திருந்த நாம், எமது அறிவைக் காட்டும் ஆவலில், "இரண்டொரு மாதம் பொறுங்கள், புதியது வந்துவிடும், பழையதும் மலியும்" என்றோம். "நீங்கள் சொன்னால் சரிதான் சேர், பொறுக்கிறம்" என்று அத்தாயார் பணத்தை மீண்டும் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் நிகழ்ந்ததை நாடே அறியும். ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. அதே கருவிக்கு அதே கடையில் இரண்டரை இலட்சத்துக்கு மேல் கேட்டனர். சீட்டுப் பணம் குறையவில்லை. அதன் பெறுமதியே கரைந்துவிட்டது. மின்வெட்டு நீண்ட அந்நாட்களில் அப்பிள்ளை கைப்பேசியிலே விரிவுரை கேட்டு, மின்சாரம் வந்த வேளைகளில் தோழியின் கருவியை இரவல் வாங்கிக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்தாள். மறு ஆண்டிலேதான், ஒருவர் பாவித்த கருவியொன்றை அவளால் வாங்க முடிந்தது. தாயாரோ மகளோ எம்மை ஒரு சொல்லும் குறைகூறவில்லை. குறைகூறியிருந்தால் எமது பாரம் சற்றே குறைந்திருக்கும்.

அப்படியாயின் காத்திருத்தல் எக்காலும் பிழையோ எனில், அன்று. 2020 ஜூனில் அப்பிள் நிறுவனம், தன் கணினிகளில் இன்டெல் செயலிகளைக் கைவிட்டுத் தானே வடிவமைத்த செயலிகளைப் பொருத்தப்போவதாக அறிவித்தது. நவம்பரில் அவை வெளிவந்தன. ஐந்து மாதம் பொறுத்தவர்கள், வேகத்திலும் பற்றரி நீடிப்பிலும் பெரிதும் மேம்பட்ட கருவியைப் பெற்றனர். மாற்றம் பெரிதாகவும், வெளிவரும் காலம் அண்மையதாகவும், நமது தேவை அவசரமற்றதாகவும் இருப்பின் பொறுக்கலாம். இம்மூன்றில் ஒன்று குறையினும் பொறுத்தல் ஆகாது. புதிய மொடல் வந்ததும் பழைய மொடலின் விலை குறைதல் பிற நாடுகளில் வழக்கமே. இறக்குமதியை நம்பியிருக்கும் எமது நாட்டிலோ, அவ்வாறு குறையும் தொகையை நாணய மாற்று ஒரே வாரத்தில் விழுங்கிவிடக்கூடும்.

வாங்குவதென முடிவு செய்தபின் நோக்க வேண்டியவை சில உள. செயலியின் தலைமுறை ஒன்று முந்தியதாயின் கட்டுரை எழுதும் மாணவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் றாம் எனப்படும் நினைவகம் 8 ஜீ.பி.க்குக் குறைந்தால் சில ஆண்டுகளிலே கருவி தள்ளாடத் தொடங்கும். இயன்றால் 16 ஜீ.பி. நன்று. பல மெல்லிய கருவிகளில் இந்நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட இயலாது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். சேமிப்புக்குச் சுழலும் ஹாட் டிஸ்க்கை விட எஸ்.எஸ்.டி. பன்மடங்கு விரைவானது. உள்நாட்டிலே செல்லுபடியாகும் உத்தரவாதப் பத்திரத்தையும் கேட்டுப் பெறுக.

பாவித்த கருவி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐயோ பழைய கருவிகள் பல முறைப்படி ஏற்கமாட்டா. ஆதலின் வெளித்தோற்றத்தின் பளபளப்பைக் கண்டு மயங்காது, கருவி எவ்வாண்டில் ஆக்கப்பட்டது, எதனை ஏற்கும் என்பவற்றை வினவுக. மலிவாகக் கிடைத்த கருவி ஓராண்டில் பயனற்றுப்போயின் அதுவே விலை மிகுந்த கருவியாகிவிடும்.

அண்மையில் தந்தை ஒருவர் தம் மகனுடன் வந்து அதே வினாவை விடுத்தார். மகனின் கைப்பேசியில் வரவிருக்கும் மொடல்களின் நீண்ட பட்டியல் ஒன்றும் இருந்தது. நாம் அப்பட்டியலைப் பார்க்கவில்லை. "வகுப்புகள் எப்போது தொடங்குகின்றன?" என்று மாத்திரம் கேட்டோம். "அடுத்த மாதம், சேர்" என்றான். "அப்படியாயின் இம்மாதமே வாங்குக" என்று கூறி அனுப்பினோம்.