நத்தார் இரவில் அம்மாவும் உட்காரட்டும்



மார்கழி பிறந்தால் தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு பெரட்டு என்று எங்கள் அத்தை சொல்வார். காலைப் பெரட்டு மலைக்கு, மாலைப் பெரட்டு வீட்டுக்கு. ஊவாவில் டிசெம்பர் என்பது வடகீழ்ப் பருவமழைக் காலம். கொங்காணிக்கு மேல் பிளாஸ்ரிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு, காலில் அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து பறித்து, நிறுவை முடிந்து காம்பராவுக்குள் நுழைந்தால் அங்கே நத்தார் வேலை வரிசையாகக் காத்து நிற்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். முறுக்குக்கு மா அரிக்க வேண்டும். விறகு நனையாமல் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கப் பதுளைக் கீழ் வீதிக்கு ஒரு தடவை போய் வர வேண்டும். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பதுளை ரயிலில் வந்து இறங்குவார்கள், அவர்களுக்குப் பிடித்த கறி ஆக்க வேண்டும். இரவானால் கெரோல் கோஷ்டி வரும், அவர்களுக்குத் தேநீர். எல்லோருக்கும் பண்டிகை வந்துவிடுகிறது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவள் மட்டும் 25ஆம் திகதி மத்தியானம் அடுப்படிச் சுவரில் சாய்ந்து தூங்கிப்போகிறாள்.

நான் எழுத நினைப்பது அந்தப் பெண்ணைப் பற்றித்தான். அதிலும், யுத்தத்தில் யாரையாவது பறிகொடுத்த பிறகும் பண்டிகைக்கு அடுப்பு மூட்டுகின்ற பெண்ணைப் பற்றி.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு, மலையகத்தை விட்டு வடக்குக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களோடு அவரும் போனார். நான் வளர்ந்தது கிளிநொச்சி தர்மபுரத்தில். அங்கேயே திருமணம், அங்கேயே இரண்டு பிள்ளைகள். 2009 மே மாதம் என் கணவரைப் பிரிந்தேன். இன்றுவரை அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செட்டிகுளம் மெனிக் பாமில் கூடாரத்துக்குள் இருந்துவிட்டு, 2010இல் பிள்ளைகளோடு பசறை வீதியிலுள்ள இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். தகப்பனாரின் தங்கை, அதாவது என் அத்தை, 1977இல் எங்கும் போகாமல் இங்கேயே இருந்தவர். அவருடைய காம்பராதான் எங்களுக்கும் வீடாயிற்று.

அந்த முதல் நத்தாருக்கு நான் ஒன்றும் செய்வதாக இல்லை. ஆள் இல்லாத வீட்டில் என்ன நத்தார் என்று ஒன்றிரண்டு பேர் வெளிப்படையாகவே சொன்னார்கள். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. சின்னவன் கெரோல் சத்தம் கேட்டதும் இஸ்தோப்புக்கு ஓடிப்போய்க் கைதட்டிச் சிரித்தான். நான் அவனை உள்ளே கூப்பிட்டேன். அத்தை அடுப்படியிலிருந்து கேட்டார்: "புள்ளைக சிரிக்கிறதுக்கு யாருகிட்டடி பாஸ் வாங்கணும்?"

வன்னியில் வாழ்ந்தவர்களுக்குப் பாஸ் என்ற சொல்லின் பாரம் தெரியும். ஊரைவிட்டு வெளியே போக பாஸ், உள்ளே வர பாஸ் என்று வருடக்கணக்காக அலைந்தவர்கள் நாம். அத்தை அதை நினைத்துச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது அப்படியே பட்டது. அன்றிரவு நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அத்தை ஐந்தாவது தம்ளர் ஒன்றையும் எடுத்து ஊற்றி, பாலன் குடிலுக்குப் பக்கத்தில் வைத்தார். யாருக்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

கடன் வாங்கிக் கொண்டாடுவது

சகோதரிகளே, பண்டிகையைப் பற்றிப் பேசினால் கடனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தோட்டத்தில் இந்துக்களுக்குத் தீபாவளி முற்பணம், கிறிஸ்தவர்களுக்கு நத்தார் முற்பணம். கையில் வாங்கும்போது இனிக்கிறது. பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. அது போதாமல் வாரக் கடன் கொடுக்கும் கம்பனிக்காரரிடமும் வாங்குகிறோம். வடக்கில் உள்ள சகோதரிகளுக்கு நுண்கடன் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கிலே பாருங்கள். ஒரு பிள்ளையின் சட்டைக்கு 3000 ரூபா கொடுத்தால், இரண்டு நாளுக்கு மேல் மழையில் நனைந்த கூலி அது. புதுச்சட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சட்டை வேண்டும்தான். ஆனால் ஜன்னல் திரை, புதுக் கம்பளம், கண் சிமிட்டும் மின்குமிழ் மாலை, பக்கத்து லயத்தில் வாங்கிவிட்டார்கள் என்பதற்காக வாங்கும் ஸ்பீக்கர்… இவற்றை நாங்கள் ஒவ்வொன்றாக விட்டுவிட்டோம். விட்ட பிறகு வீட்டில் எதுவும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. பெப்ரவரி மாதச் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது.

ஒரு குடம் வெந்நீர்

அப்படியானால் வீட்டில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். முதலில் வெந்நீர். சிரிக்காதீர்கள்! மழையில் நின்று வரும் பெண்ணுக்கு வெந்நீரை விடப் பெரிய பரிசு எது? நத்தாருக்கு முந்திய நாள் மாலை, பெரிய அண்டாவில் தண்ணீர் வைத்து, நாரத்தை இலை நான்கைப் போட்டுக் கொதிக்க விடுவோம். பிள்ளைகளுக்கு முன் நாங்கள் பெண்கள் குளிப்போம். இது அத்தையின் சட்டம். வருடத்தில் மற்ற 364 நாளும் மிஞ்சிய தண்ணீர்தான் நமக்கு, இந்த ஒரு நாள் முதல் தண்ணீர்.

அடுத்தது தேயிலை. ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுப்பது ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றுதான். அந்தக் காற்றில் கொழுந்துக்கு ஒரு தனி வாசம் ஏறுகிறது. முதல்தரத் தேயிலை கப்பலேறிப் போய்விடும், நமக்குக் கிடைப்பது தூள். ஆனாலும் ஓகஸ்ட் மாதம் வீட்டுக்குக் கிடைக்கும் தூளில் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய எடுத்து, காற்றுப் புகாமல் மூடி, அத்தை பரணில் வைத்துவிடுவார். நத்தார் இரவில்தான் திறப்போம். இஞ்சி தட்டிப் போட்டு, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீயாகக் குடிக்க வேண்டும். பால் சேர்த்தால் அந்த வாசம் போய்விடும் என்பது என் கருத்து. என் மகன் ஒத்துக்கொள்வதில்லை.

பாலன் குடிலுக்கு நாங்கள் எதையும் வாங்குவதில்லை. வன்னியில் பனையோலையும் குளத்துக் களிமண்ணும் கொண்டு கட்டினோம். இங்கே பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைத் தூர் ஒன்று போதும். அதன் வேர்களே மலையும் குகையுமாக நிற்கும். கானோரத்துப் பாசியை அள்ளி மேலே பரப்பினால், நமுனுகுல மலையைச் சின்னதாக்கி வீட்டுக்குள் வைத்தது போல இருக்கும். மகள் பண்டாரவளையில் வேலை செய்கிறாள். சம்பளம் எடுத்த பின் வரும்போது ஹப்புத்தளை அடிஷாம் மடத்தில் துறவிகள் செய்து விற்கும் ஜேம் ஒரு போத்தல் கொண்டுவருவாள். 1931இல் ஒரு வெள்ளைக்காரத் துரை தனக்கென்று கட்டிய மாளிகை அது. இன்று அங்கிருந்து வரும் கொய்யா ஜெலி எங்கள் லயத்து ரொட்டியில் பூசப்படுகிறது. அத்தைக்கு இதை நினைத்தால் தனிச் சந்தோஷம்.

சட்டிக்குள் ஒரு கேக்

போறணை இல்லாத வீட்டில் கேக்கா என்று நினைக்க வேண்டாம். ரவை, சீனி, மாஜரின் மூன்றும் 250 கிராம் வீதம், முட்டை ஐந்து, கைப்பிடி கஜு, கிடைத்தால் கொஞ்சம் பூசணித் தோசி, ஏலக்காய், கறுவாத் தூள். ரவையை இலேசாக வறுத்து மாஜரினோடு கலந்து இரண்டு மணித்தியாலம் ஊற விடுங்கள். முட்டையையும் சீனியையும் நன்றாக அடித்துச் சேர்த்து, கடதாசி போட்ட தட்டத்தில் ஊற்றுங்கள். பெரிய சட்டியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்றுமணல் பரப்பிச் சூடாக்கி, தட்டத்தை உள்ளே வைத்துத் தகர மூடியால் மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிப் போடுங்கள். கீழே நெருப்பு மெல்லியதாக இருக்கட்டும். முக்கால் மணித்தியாலம் கழித்து ஈர்க்கினால் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

இதில் முக்கியமானது முட்டை அடிப்பவர் யார் என்பதுதான். எங்கள் வீட்டில் அது மகனுடைய வேலை. தேங்காய் துருவுவதும் அவனே. ஆம்பிளைப் பிள்ளையை அடுப்படியில் விடலாமா என்று லயத்தில் முதலில் பேசினார்கள். இப்போது அந்த வீடுகளிலும் பையன்கள் தேங்காய் துருவுகிறார்கள்! வருடம் முழுவதும் கொழும்புக் கடையில் முதலாளிக்குப் பரிமாறுகிற பிள்ளை, தன் தாய்க்கு ஒரு நாள் பரிமாறினால் என்ன? உட்கார்ந்துகொண்டே சொல்லிக்கொடுங்கள். வெங்காயம் தடிப்பாக வெட்டப்பட்டிருந்தால் பேசாமல் சாப்பிடுங்கள்.

கெரோல் கோஷ்டி விஷயமும் அப்படித்தான். நடுச்சாமத்தில் வந்தால் தாய்மார் அதுவரை கண்விழித்துக் கோப்பியோடு நிற்க வேண்டும். நாங்கள் நான்கைந்து பெண்கள் சேர்ந்து பொடியன்களிடம் பேசினோம். இப்போது எங்கள் லயத்துக்கு எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள். ஊவா மாகாணம் முழுவதும் அடங்கிய பதுளை மறைமாவட்டம் 1972இல் உருவானது. தோட்டத்துச் சிற்றாலயங்கள் பல, குருக்களோ சிலர். அதனால் எங்கள் சிற்றாலயத்துக்கு நள்ளிரவுப் பூசை எல்லா வருடமும் கிடைப்பதில்லை. அப்படிக் கிடைக்காத வருடத்தில் செபமாலையை வீட்டில் சொல்லிவிட்டு அடுப்பருகே கதை பேசிக்கொண்டிருப்போம். பக்கத்துக் காம்பரா மதினி இந்து. தீபாவளிக்கு அவர் பலகாரம் தந்த தட்டு எங்களிடமே இருக்கும். வெறுந்தட்டாகத் திருப்பக்கூடாது அல்லவா? கேக் நிறைத்துக் கொடுப்போம். அவரும் வந்து உட்கார்ந்துவிடுவார்.

புயல் வருடத்து நத்தார்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை வந்தது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண்சரிவில் உயிர்கள் போயின, வீதிகள் துண்டிக்கப்பட்டன, மலையக ரயில் பாதை சேதமடைந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதிலிருந்தே கடும் மழை இரவுகளில் இங்கு யாராவது ஒருவர் விழித்திருப்பது வழக்கம். அந்த வருடம் எல்லோருமே விழித்திருந்தோம். மேல் லயத்தில் சுவர் வெடித்த இரண்டு குடும்பங்கள் எங்கள் காம்பராவிலும் மதினியின் காம்பராவிலும் வந்து தங்கினார்கள். பத்து அடி அறைக்குள் ஒன்பது பேர். மெனிக் பாம் கூடாரம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் இங்கே கதவை நாங்களே திறந்து மூடினோம்.

அந்த நத்தாருக்கு முறுக்கு இல்லை, கேக் இல்லை, சுண்ணாம்பு இல்லை. மகன் ரயிலில்லாமல் பஸ் மாறி மாறி இரண்டாம் நாள் வந்து சேர்ந்தான். வெந்நீர் வைத்தோம். வந்திருந்த பெண்களில் ஒருவர் பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாதவர். முதல் தண்ணீர் அவருக்கு. ஓகஸ்ட் டின்னைத் திறந்து, ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் அரைத்தோம். வீடு இழந்த அந்த அம்மா தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, "வாசமா இருக்கு" என்றார். ஒரு மாதத்தில் அவர் வாயிலிருந்து மழையைப் பற்றி இல்லாமல் வந்த முதல் பேச்சு அது.

வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு நத்தாரின் மறுநாளும் ஒரு நாள்தான். 2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையில் இருந்த என் தங்கையைக் கடல் கொண்டுபோயிற்று. ஒவ்வொரு வருடமும் அந்தக் காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம். அந்த நேரம் நான் அநேகமாக மலையில்தான் நிற்பேன். கூடையை இறக்கி வைப்பேன். கடலையே பார்த்திராத மதினியும் தன் கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்து நிரையில் நிற்பார். பிறகு பறிக்கத் தொடங்குவோம். பத்து மணித் தேநீருக்கு உட்காரும்போது, முந்திய நாள் கேக்கில் கடதாசியில் சுற்றி வைத்த இரண்டு துண்டை எடுப்பேன். ஒன்று அவருக்கு. மழை தூறினால் கொங்காணியை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவோம்.