பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம்?

திருப்பூர் ஜில்லா தாராபுரம் தாலுகாவிலுள்ள மூலனூரைப் பருத்தி வியாபாரிகள் நன்கு அறிவார்கள். அவ்வூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கரூர், திண்டுக்கல் பக்கத்து விவசாயிகளும் மூட்டைகளைக் கொண்டு வருவதுண்டு. ஒரு பிடி பஞ்சைக் கையில் எடுத்து, நிறத்தையும் இழையையும் பாராமல் எந்த வியாபாரியும் விலை கூறமாட்டார். அவ்வளவு ஜாக்கிரதையுள்ள ஊரிலும், வேறெந்த ஊரிலும், உள்ளே இருப்பது இன்னதென்று பாராமலே நாம் குழந்தைகளின் கையில் கொடுத்துவிடும் பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் செல்போன்.

கொடுத்ததைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. 2020-ம் வருஷத்தில் கொரோனா நோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பாடமே செல்போன் வழியாகத்தான் வந்தது. தாயும் தந்தையும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட வீடுகளில், பிள்ளைக்குத் துணையும் அதுவே ஆயிற்று. பாடம் முடிந்த பிறகும் துணை விலகவில்லை.

இதன் அபாயத்தை நம் நியாயஸ்தலங்கள் உணராமலில்லை. 2019 ஏப்ரல் 3-ந் தேதி, சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை ‘டிக்டாக்’ செயலியைத் தடை செய்ய உத்தரவிட்டது. ஆபாசக் காட்சிகள் பரவுவதும், குழந்தைகள் முன்பின் அறியாதவர்களின் கண்ணில் படுவதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். அதே மாதம் 24-ந் தேதி தடை நீங்கியது. 2020 ஜூன் 29-ந் தேதி, தேசப் பாதுகாப்பை முன்னிட்டு இந்திய சர்க்கார் அதை வேறு 58 செயலிகளுடன் சேர்த்துத் தடுத்தது. ஆனால் நடந்தது என்ன? சில மாதங்களுக்குள் அதே மாதிரிக் குறுங்காட்சிகள் வேறு செயலிகளில் வந்து குடியேறிவிட்டன. ஒரு கதவைச் சர்க்கார் அடைக்கலாம். வீட்டிலுள்ள கதவுகளை எல்லாம் வீட்டார்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?

அதற்கான பூட்டுகள் இல்லாமற் போகவில்லை. ‘கூகிள்’ கம்பெனி 2017-ல் வெளியிட்ட ‘ஃபேமிலி லிங்க்’ என்னும் சாதனம் இலவசமாகவே கிடைக்கிறது. குழந்தை புதிய செயலி எதையாவது இறக்கிக்கொள்ள விரும்பினால், பெற்றோரின் போனில் சம்மதம் கேட்கும். நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று அளவு வைக்கலாம். இரவில் உறங்கும் வேளைக்குத் திரையைப் பூட்டிவிடலாம். ‘ஆப்பிள்’ போன்களில் இதே காரியத்தை ‘ஸ்கிரீன் டைம்’ செய்கிறது.

வீட்டுக்கு ஒரே போன்தான் என்பவர்களுக்கும் வழி உண்டு. ‘ஆப் பின்னிங்’ என்னும் ஏற்பாடு, பாடம் நடக்கும் ஒரு செயலியிலேயே திரையை நிறுத்தி வைக்கும். ரகசிய எண்ணைப் போடாமல் வேறிடம் போக முடியாதபடி செய்துகொள்ளலாம். ‘யூடியூப்’பில் கட்டுப்பாட்டு முறையை அமைத்தால், தகாத காட்சிகள் பெரும்பாலும் ஒதுக்கப்படும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை! அநேக வீடுகளில் இந்தப் பூட்டைப் போடத் தெரிந்தவன் பத்து வயதுப் பையன்தான். தகப்பனார் அவனிடமே போனைக் கொடுத்து, “தம்பி, அந்த எண்ணை நீயே போட்டுவிடு” என்கிறார். சாவி யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று சொல்லவும் வேண்டுமா? அரைமணி நேரம் செலவிட்டுப் பெற்றோர் தாமே கற்றுக்கொள்வதைத் தவிர இதற்கு மருந்து கிடையாது.

கற்றுக்கொண்டாலும், பூட்டால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. விளையாட்டுச் செயலிக்குள் ஒரு அந்நியன் சிநேகிதன்போல் வந்து பேசுவதை ‘ஃபேமிலி லிங்க்’ படித்துச் சொல்லாது. அவன் நயமாகப் பேசிப் படம் ஒன்றைப் பெற்றுக்கொள்கிறான். பிறகு, “ஊரெல்லாம் பரப்புவேன்” என்று மிரட்டுகிறான். குழந்தை அப்போது வாய் திறக்காது. ஏன்? அடி விழும், போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். மிரட்டுகிறவனுக்கு அந்தப் பயமே மூலதனம்.

இந்த இக்கட்டிலும் உதவி இருக்கிறது. 2023-ல் அமெரிக்க ஸ்தாபனமொன்று தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ என்னும் சேவை, 18 வயது நிரம்பாதவர்களின் அந்தரங்கப் படங்களுக்கானது. படம் போனை விட்டு வெளியே போவதில்லை. அதிலிருந்து கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் கணக்கிடப்பட்டுச் செல்லும். திட்டத்தில் சேர்ந்துள்ள கம்பெனிகள் அந்தக் குறியீட்டைக் கொண்டு படத்தை அடையாளங் கண்டு அகற்றும். நம் நாட்டிலோ, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

2023-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றிக் கையாளலாகாது என்கிறது; குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அமலுக்கு வருவது படிப்படியாகத்தான். அந்நியக் கம்பெனிகளின் தயவை நம்பியிராமல், நம் குழந்தைகளுக்கு நாமே வேலி கட்ட முனைந்திருப்பது நல்ல ஆரம்பம்.

ஆனால் சட்டம் வரும் வரையில் குழந்தைப் பருவம் காத்திராது. ஆகையால், இன்று மாலையே போனில் பூட்டைப் போடுங்கள். ஏன் போடுகிறோம் என்பதைக் குழந்தைக்கும் சொல்லுங்கள். அதோடு ஒரு வாக்குறுதியும் கொடுங்கள்: “என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல், உன்னை அடிக்கமாட்டோம், போனையும் பிடுங்கமாட்டோம்.” கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் வீட்டில், மிரட்டுகிறவனின் மூலதனம் அன்றே பறிபோய்விடும்.