மார்க்ஸ் இரண்டு பட்டியலிலும் இருந்தார்

1929இல் ஜெர்மானியத் தொழிலாளர்களிடமும் அலுவலக ஊழியர்களிடமும் ஒரு வினாத்தாள் போய்ச் சேர்ந்தது. அதில் 271 கேள்விகள். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டதோடு அது நிற்கவில்லை. பிள்ளையை அடிக்காமல் வளர்க்க முடியுமா, கல்யாணமான பெண் வேலைக்குப் போகலாமா, வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறீர்கள், வரலாற்றில் யார் யாரைப் பெரிய மனிதர்களாக நினைக்கிறீர்கள் என்றெல்லாம் துருவியது. ஃபிராங்க்ஃபர்ட் சமூக ஆய்வு நிறுவனத்துக்காக இந்த ஆய்வை நடத்தியவர் எரிக் ஃபிராம் என்ற உளப்பகுப்பாய்வாளர். களப்பணியில் பெரும்பங்கு ஹில்டே வைஸ் என்ற பெண்மணியுடையது. பெரிய மனிதர் யார் என்ற கேள்விக்கு அலெக்சாண்டர், சீசர், நெப்போலியன், மார்க்ஸ், லெனின் என்று ஒருவர் எழுதினால், அவரை அதிகாரத்துக்கு மயங்கும் குணத்தவர் என்று ஃபிராம் குறித்துக்கொண்டார். சாக்ரடீஸ், பாஸ்டர், கான்ட், மார்க்ஸ், லெனின் என்று எழுதியவரை ஜனநாயக மனத்தவர் பக்கம் சேர்த்தார். இருவரும் ஒரே ஊர்வலத்தில் ஒரே கொடியைப் பிடித்தவர்களாக இருந்திருக்கலாம். முதலாமவர் மார்க்ஸிடம் கண்டது இன்னொரு தளபதியை.

மனிதநேய உளப்பகுப்பாய்வு என்று பின்னாளில் பெயர் பெற்ற சிந்தனையின் கரு இங்கேதான் இருக்கிறது. ஒருவர் வாயால் சொல்லும் கொள்கையைவிட, அவர் அறியாமலே வெளிப்படுத்துவது அவரைக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும் என்பது ஃபிராய்டிடம் கற்றது. அறியாமல் கிடக்கும் அந்த மனம் குழந்தைப் பருவத்துப் பாலுணர்விலிருந்து மட்டும் உருவாவதில்லை, பிழைப்பு நடக்கிற விதமும் அதை வார்க்கிறது என்பது மார்க்ஸிடம் கற்றது. இரண்டையும் இணைத்து ஃபிராம் 'சமூகக் குணம்' என்றொரு கருத்தை வைத்தார். ஒரு சமூகம் நடைபெற எது தேவையோ, அதை மக்கள் தங்கள் சொந்த ஆசையாகவே உணரத் தொடங்குகிறார்கள். அந்தப் பயிற்சி வீட்டில், அப்பா அம்மாவிடமே ஆரம்பமாகிவிடுகிறது. பலருக்கு ஃபிராம் என்றால் 1956இல் வந்த 'அன்பு செலுத்தும் கலை'தான். சமூகச் சிந்தனைக்கு அவர் கொடுத்த பெரிய கொடை அதுவல்ல, கொள்கையும் குணமும் வேறுவேறு திசையில் போகக்கூடும் என்று காட்டியதே என்பது என் கணிப்பு.

ஃபிராம் பின்னர் சொன்ன கணக்கின்படி, பதில் அனுப்பியவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் கொள்கையிலும் குணத்திலும் ஒருசேர உறுதியானவர்கள். 10 சதவீதத்தினர் அதிகாரத்துக்குப் பணிந்து, அதிகாரம் செலுத்தவும் விரும்பும் குணத்தினர். மிச்சமுள்ள முக்கால்வாசிப் பேர் கலவை. இத்தனைக்கும் இவர்களில் பெரும்பாலோர் இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவாளர்கள். 1932 நவம்பர் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து 37 சதவீதத்துக்கு மேல் வாங்கினார்கள். நாஜிகள் வாங்கியது 33. ஆனாலும் 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தபோது பொது வேலைநிறுத்தம் எதுவும் நடக்கவில்லை. மே 2ஆம் தேதி தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன.

இதைக் குணத்தின் கணக்கில் எழுதுவது நியாயமா? அறுபது லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்த நேரத்தில் யார் வேலைநிறுத்தம் செய்வார்கள்? இரண்டு இடதுசாரிக் கட்சிகளும் ஒன்றையொன்று முதல் எதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தன. தெருவில் நாஜிக் குண்டர்கள். இவற்றை ஒதுக்கிவிட்டு மனத்தை மட்டும் காரணம் காட்டினால் அது வரலாறாகாது. ஆய்விலும் ஓட்டைகள் உண்டு. 3,300 பேருக்கு அனுப்பியதில் சுமார் 1,100 பேர்தான் பதில் அனுப்பினார்கள். ஆய்வாளர்கள் நாட்டைவிட்டு ஓடியதில் 584 தாள்களே மிஞ்சின. பகுப்பாய்வின் பெரும்பகுதி நியூயார்க்கில், ஹிட்லர் வென்ற பிறகு நடந்தது. முடிவு தெரிந்தபின் காரணம் தேடுவதில் உள்ள ஆபத்து இதற்கும் உண்டு. 1941இல் வந்த 'சுதந்திரத்திலிருந்து தப்பித்தல்' நூலில், நாஜிகளின் அடித்தளம் சிறு கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் அடங்கிய கீழ் நடுத்தர வர்க்கமே என்று ஃபிராம் எழுதினார். பெருநகரங்களின் பணக்காரப் பகுதிகளில் நாஜிகளுக்கு விழுந்த வாக்கு கீழ் நடுத்தர வர்க்கப் பகுதிகளைவிட அதிகம் என்று ரிச்சர்ட் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் 1982இல் காட்டினார். தொழிலாளர்களும் கணிசமாக வாக்களித்தார்கள் என்று பின்னர் யூர்கன் ஃபால்டர் காட்டினார். ஆகவே வர்க்கக் கணக்கில் ஃபிராம் தவறிவிட்டார். ஆனால் ஃபால்டர் காட்டியதைக் கவனியுங்கள்: வர்க்கம் மட்டும் ஒருவர் எப்பக்கம் சாய்வார் என்பதைத் தீர்மானிப்பதில்லை. வினாத்தாள் சொன்னதும் அதைத்தான்.

குணம் என்பதை எதற்கும் பொருத்தலாம், அதைச் சோதிக்க முடியாது என்பது இன்னொரு ஆட்சேபம். ஃபிராம் இதற்குப் பேச்சால் பதில் சொல்லவில்லை. மெக்சிகோவில் வாழ்ந்த காலத்தில், மைக்கேல் மக்கோபியோடு சேர்ந்து ஒரு கிராமத்தின் வயதுவந்தோரை ஏறக்குறைய முழுமையாக ஆராய்ந்தார். 1970இல் நூல் வந்தது. மெக்சிகோ புரட்சிக்குப் பின் பண்ணை நிலம் விவசாயிகளுக்குப் பிரித்துத் தரப்பட்டிருந்தது. நிலம் கிடைத்தும், பண்ணையடிமைக் குடும்பங்களில் வந்தவர்கள் பலரிடம் கொடுப்பவரை எதிர்பார்த்து நிற்கும் குணம் போகவில்லை. அந்த நிலத்தை வைத்து முன்னேறவும் அவர்களால் இயலவில்லை. சுயமாக உழுது பழகியவர்களின் பிள்ளைகள் தாக்குப்பிடித்தார்கள். பட்டா மாறிய வேகத்தில் மனம் மாறாது என்பதற்கு இதைவிடத் தெளிவான களச்சான்று அந்தத் தலைமுறை உளப்பகுப்பாய்வில் எனக்குத் தெரிந்து இல்லை.

மிகக் கூர்மையான தாக்குதல் பழைய சகாவான ஹெர்பர்ட் மார்க்யூஸாவிடமிருந்து 1955இல் வந்தது. ஃபிராய்டின் பாலுணர்வுக் கோட்பாட்டைக் கைவிட்டு, அன்பு, ஆக்கத்திறன் என்று பேசத் தொடங்கினால் உளப்பகுப்பாய்வு நல்லுபதேசமாகிவிடும், இருக்கிற சமூகத்தோடு ஒத்துப்போகச் சொல்லும் என்றார். ஃபிராமின் பிற்கால நூல்களில் உபதேச வாடை அடிப்பது உண்மைதான். ஒத்துப்போகச் சொன்னார் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அதே 1955இல் 'நலமான சமூகம்' நூலில் தொழிலாளருக்கு நிர்வாகத்தில் பங்கு கேட்டவர் அவர். 1957இல் தொடங்கிய அமெரிக்க அணு ஆயுத எதிர்ப்பு இயக்கம் தன் பெயரை எடுத்ததே அந்த நூலிலிருந்துதான். ஃபிராங்க்ஃபர்ட் நிறுவனத்தைச் சேர்ந்த அடோர்னோவும் மற்றவர்களும் 1950இல் வெளியிட்ட அதிகார ஆளுமை ஆய்வு அவருடைய வினாத்தாள் போட்ட பாதையில் நடந்தது. ஒடுக்கப்பட்டவன் உள்ளுக்குள் ஒடுக்குபவனைச் சுமக்கிறான் என்று வாதித்த பாவ்லோ ஃபிரேயரேயும் ஃபிராமை மேற்கோள் காட்டுகிறார். ஃபிராமைப் புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் அன்பைப் பற்றிய சிறு நூலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, 1941ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குங்கள்.