நெஞ்சை அழுத்தும் ரகசியம்
ஆண்களின் மார்பு வீக்கம் கூச்சத்தோடு நிற்பதில்லை. சிலருக்கு அது வேலையையே பறிக்கிறது. கத்தி உதவும், ஆனால் அவசரம் கூடாது.

நீச்சல் குளம் பக்கம் போவதில்லை. டி-ஷர்ட் போட்டாலும் உள்ளே இறுக்கமான பனியன். மார்பு பருத்துவிட்ட ஆணுக்குப் பாதி வாழ்க்கை ஒளிப்பதிலேயே கழிகிறது. டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் கைனகோமேஸ்டியா. விஷயம் புதிதல்ல. 7ஆம் நூற்றாண்டிலேயே ஏஜினா தீவைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் பால் இதற்கு அறுவை முறையை எழுதி வைத்தார்.

பெங்களூரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தென்பகுதி மையம் இந்நகரில்தான் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் வென்ற இளைஞர்கள் அடுத்து நிற்க வேண்டியது மருத்துவக் குழுவின் முன், சட்டையில்லாமல். கணிசமான வீக்கம் இருந்தால் நிராகரிக்கப்படலாம். ஆபரேஷன் செய்து, புண் நன்றாக ஆறிய பிறகு தகுதி பெற வாய்ப்பு உண்டு.

காரணம் ஹார்மோன்களின் இழுபறி. ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. அதன் கை ஓங்கினால் மார்பில் சுரப்பித் திசு வளர்கிறது. பருவ வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது தலைகாட்டுகிறது. பெரும்பாலும் இரண்டே ஆண்டுகளில் தானாகவே வடிந்துவிடும். பெற்றோர் தர வேண்டியது தைரியம்தான். பெரியவர்களுக்கு வந்தால் விசாரணை தேவை. ஜிம்மில் ஏற்றிக்கொள்ளும் ஸ்டீராய்டு, ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள், ஈரல் சிதைவு, அபூர்வமாக விதைப்பைக் கட்டி என்று குற்றவாளிகள் பலர். வெறும் கொழுப்பு என்றால் கதை வேறு. அது தொட்டால் மெத்தென்று இருக்கும்; சுரப்பித் திசு காம்புக்கு அடியில் வட்டத் தகடு போலத் தட்டுப்படும்.

பல மாதங்களாகியும் வடியாத வீக்கத்துக்குத்தான் ஆபரேஷன். சிறு துளை வழியே குழாய் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். ரப்பர் போன்ற திசு உறிஞ்சலுக்கு மசிவதில்லை. காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறி அதை வெட்டியெடுக்கிறார்கள். தழும்பு நிற விளிம்பில் மறைந்துவிடும். முழுவதையும் சுரண்டினால் காம்பு குழி விழும் என்பதால் மெல்லிய ஒரு அடுக்கை விட்டுவைப்பது வழக்கம். பொதுவாக அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். ஆனால் சில வாரங்களுக்கு இறுக்கமான அழுத்த உடை கட்டாயம். ரத்தம் கட்டிக்கொள்வது, உணர்ச்சி மரத்துப்போவது போன்ற சிக்கல்களும் நேரலாம். ஸ்டீராய்டை நிறுத்தாதவருக்கு வீக்கம் மீண்டும் வரலாம்.

பணம் அடுத்த தலைவலி. அழகு சிகிச்சை என்று காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கைவிரிப்பது சகஜம். கையெழுத்துப் போடும் முன் பாலிசியைப் படித்துவிடுவது நல்லது.

கூச்சம் உயிருக்கே உலை வைக்கும் இடமும் உண்டு. மார்பகப் புற்றுநோயாளிகளில் சுமார் 1 சதவிகிதம் பேர் ஆண்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியான கட்டி, காம்பில் ரத்தக் கசிவு என்றால் பனியனை இறுக்கிப் பயனில்லை. சட்டையைக் கழற்ற வேண்டிய இடம் டாக்டரின் அறை.